பதினோரு பேர் பார்த்த முதுகு

இந்த விஷயத்தில் எனக்கு யார் யார் மேல் கோபம் என்று கேட்டால் வரிசையாகச் சொல்வேன். முதல் பெயர் என்னுடையதாகத்தான் இருக்கும். அப்படிப்பட்டவன் லுட்கார்டின் கதையைச் சொல்லலாமா என்று என் மனைவி ஆனிக் கேட்கிறாள். சொல்லக் கூடாதுதான். ஆனால் மற்ற பத்துப் பேரும் வாயைத் திறக்கப் போவதில்லை.

லெய் ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. என் பெயர் நோர்பெர்ட், இறைச்சிக் கடை வைத்திருக்கிறேன். லுட்கார்ட் இரண்டு தெரு தள்ளி இஸ்திரிக் கடையில் வேலை பார்ப்பவள். ஐம்பத்து மூன்று வயது. பதினாறு வயதில் இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தவள், இன்னும் விடவில்லை. ஒரு சட்டையை நாலு நிமிடத்தில் முடிப்பாள். காலரில் ஒரு சுருக்கம் விழுந்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள். புருஷன் பன்னிரண்டு வருடத்துக்கு முன் கடற்கரைப் பக்கம் போய் வேறு குடித்தனம் வைத்துக்கொண்டான். பிள்ளைகள் இல்லை. வாய் மட்டும் கொஞ்சம் நீளம். என் கடையில் வரிசையில் நின்றால், முன்னால் நிற்பவர் வாங்கும் கறிக்கும் அவள்தான் யோசனை சொல்வாள்.

அவளுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. எங்கள் ஊரில் பெரியவர்களுக்கான ஓவியப் பள்ளி ஒன்று உண்டு. புதன்கிழமை காலை அங்கே மாடலாக உட்காருவாள். புருஷன் விட்டுப் போன அந்த வருடமே யாரோ சொல்லிச் சேர்ந்தவள். கூச்சமாக இல்லையா என்று ஆனிக் ஒருமுறை கேட்டதற்கு, "நாள் பூரா நின்னுக்கிட்டே இஸ்திரி போடுறவளுக்கு, உக்காந்து சும்மா இருக்கச் சம்பளம் தர்றாங்க. துணியைக் கழட்டச் சொன்னா என்ன, தோலையே கழட்டித் தருவேன்" என்றாள்.

எனக்கும் புதன்கிழமை கடை விடுமுறை. மூன்று வருடமாக அந்த வகுப்பில் நானும் ஒரு மாணவன். மொத்தம் பதினோரு பேர். பாதிப் பேர் ஓய்வு பெற்றவர்கள். நோட்டரியின் மனைவி, பழைய தபால்காரர், பல் டாக்டர் ஒருவர் என்று கலவையான கூட்டம். மாடல் விஷயத்தில் எங்கள் பக்கத்தில் ஒரு மரியாதை உண்டு. மாடலின் உடம்பைப் பற்றி மாடலிடம் பேசக் கூடாது. அழகு என்றும் சொல்லக் கூடாது, இளைத்துவிட்டாய் என்றும் சொல்லக் கூடாது. வகுப்பில் பார்த்ததை வெளியே பார்த்ததாகவே காட்டிக்கொள்ளக் கூடாது. யாரும் எழுதி ஒட்டவில்லை, ஆனாலும் மீறியவர் கிடையாது. புதன்கிழமை அவளை உச்சி முதல் பாதம் வரை வரைந்துவிட்டு, வியாழக்கிழமை கடையில் நின்று "என்னம்மா வேணும்?" என்று கேட்பேன். அவளும் எங்கள் படங்களை எட்டிப் பார்க்க மாட்டாள். பார்த்தால் தன் உடம்பு ஞாபகம் வரும், ஞாபகம் வந்தால் அசைந்துவிடுவேன் என்பது அவள் கணக்கு.

புத்தாண்டு முடிந்த கையோடு அவளுக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் நாலு நாளில் போனது, ஆனால் இடது தோளின் பின்பக்கம் ஒரு வலி பிடித்துக்கொண்டது. படுக்க முடியவில்லை, உட்கார முடியவில்லை. இரண்டு வாரம் நாற்காலியில் சாய்ந்தே தூங்கினாள். பிறகு வலி தானாகவே தணிந்தது. அப்பாடா என்று எழுந்து இஸ்திரிக் கடைக்குப் போனால், இடது கை தோள் உயரத்துக்கு மேல் எழும்பவில்லை. துணியைத் தள்ளிப் பிடிக்கக் கையை முன்னால் நீட்டினால் முதுகில் ஏதோ கழன்றுகொண்டதுபோல இருந்தது. விடுப்பு எழுதிக் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு ஆரம்பித்தது அலைச்சல். குடும்ப டாக்டர் தோள் மூட்டைப் பிடித்துச் சுழற்றிப் பார்த்தார், அது நன்றாகச் சுழன்றது. எக்ஸ்ரே எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். மூட்டு சுத்தம். உடற்பயிற்சி சொல்லித் தருபவர் ஒரே அறையில் ஆறு பேரைப் படுக்க வைத்திருந்தார். அவளிடம் ஒரு ரப்பர் பட்டையைக் கொடுத்து இழு என்றார். இழுக்க முடியவில்லை என்றதற்கு இன்னும் மெல்லிய பட்டையைக் கொடுத்தார். பிப்ரவரி பதினொன்றாம் தேதி காப்பீட்டு டாக்டர் கூப்பிட்டார். விடுப்பு நீளுமா, வேலைக்குத் திரும்ப வேண்டுமா என்று தீர்ப்புச் சொல்கிறவர் அவர்தான். தோளைக் காட்டுங்கள் என்றார். குளிர்காலம். அவள் கம்பளிச் சட்டையின் கழுத்தை ஒரு பக்கம் இழுத்துத் தோளை மட்டும் வெளியே எடுத்தாள். அவர் எதிரே நின்று தொட்டுப் பார்த்தார், திரையில் ஸ்கேனைப் பார்த்தார். 'உடலில் காரணம் எதுவும் காணப்படவில்லை' என்று ஒரு வரி எழுதினார். மனச்சோர்வாக இருக்கலாம், ஜூன் வரை ஓய்வெடுங்கள், பிறகு பார்ப்போம் என்று அனுப்பிவிட்டார்.

அந்த வரியை அவள் என் கடையில் எத்தனை தடவை சொல்லியிருப்பாள் என்று எனக்கே தெரியாது.

"என் கைக்கு மனச்சோர்வாம், நோர்பெர்ட். வலது கை சந்தோஷமா இருக்காம், இடது கைக்கு மட்டும் வாழ்க்கை பிடிக்கலையாம்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. ஜூன் மாதம் அதே டாக்டர் அதே வரியைப் பார்த்துவிட்டு, காரணம் இல்லாத நோய்க்கு இவ்வளவு ஓய்வு போதும் என்று இஸ்திரிப் பலகைக்கு அனுப்பப்போகிறார் என்பது அவளுக்குத் தெரியும். கை வராமல் போய் நின்றால் சோம்பேறி என்பார்கள். முப்பத்தேழு வருடம் வேலை பார்த்தவளுக்குச் சோம்பேறிப் பட்டம் வருவதை அவளால் தாங்கவே முடியவில்லை.

இப்போது புதன்கிழமைக்கு வருகிறேன். விடுப்பில் இருந்தபோதும் அவள் மாடலாக உட்கார வந்துகொண்டுதான் இருந்தாள். அந்தப் பருவத்தில் எங்கள் பாடம் முதுகு. வாத்தியார் பெயர் அலோயிஸ். நாற்பது வருடமாகச் சொல்லித் தருகிறார். அறையின் மூலையில் தோலுரித்த மனிதனின் சுண்ணாம்புச் சிலை ஒன்று நிற்கும். அதை எங்களைவிட அதிகமாக நம்புவார். தோள்பட்டை எலும்பு ஒரு முக்கோணம், விலா எலும்புகளின் மேல் தட்டையாகப் படுத்திருக்கும் என்று சிலையில் பிரம்பை வைத்துக் காட்டுவார். மேலே கழுத்திலிருந்து இறங்கி மூடுகிற பெரிய தசை. முதுகெலும்பிலிருந்து வந்து எலும்பை உள்பக்கம் இழுக்கிற சாய்சதுரத் தசை. அக்குளுக்குக் கீழே விலாவின் பக்கவாட்டில் பல் பல்லாகக் கிளம்பி, எலும்புக்கு அடியில் நுழைந்து, அதன் உள்விளிம்பைப் பிடித்துக்கொள்கிற ரம்பத் தசை. கை தலைக்கு மேலே போக வேண்டுமென்றால் மூட்டு மட்டும் சுழன்றால் போதாது, இந்த எலும்பும் கூடவே சுழல வேண்டும், அதைச் சுழற்றுவதில் ரம்பத் தசைக்குப் பெரிய பங்கு என்பார். எல்லாம் சரியாகத்தான் சொன்னார். பாவி மனுஷன், சிலையைப் பார்த்த கண்ணால் ஒரு தடவை எதிரே இருந்தவளைப் பார்த்திருக்கலாம்.

லுட்கார்டை ஒரு ஸ்டூலில் உட்கார வைத்து, முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டு, இரண்டு கையாலும் அதன் முதுகைத் தள்ளிக்கொண்டு இருக்கச் சொன்னார். தசைகள் நன்றாகத் தெரியுமாம். தெரிந்தது. வலது எலும்பு விலாவோடு ஒட்டி இருந்தது. இடது எலும்பின் உள்விளிம்பு முதுகை விட்டுத் தூக்கிக்கொண்டு நின்றது, இடையில் விரலை நுழைக்கலாம் போல. நான் பார்த்ததை வரைந்தேன். அலோயிஸ் என் பின்னால் வந்து நின்று உச்சுக் கொட்டினார்.

"நோர்பெர்ட், இது நீ தொங்க விடுற பன்னி இல்லை. மனுஷனுக்குக் காறை எலும்பு இருக்கு, பன்னிக்கு அது கிடையாது. எலும்பு இப்படியெல்லாம் எந்திரிச்சு நிக்காது" என்று சொல்லி, ரப்பரை எடுத்து என் படத்தின் இடது பக்கத்தை அழித்து, தட்டையாக ஒரு கோடு போட்டுத் தந்தார். பல் டாக்டர் படத்திலும் அதையே செய்தார். நோட்டரி மனைவி படத்திலும் அப்படியே. ஒரே காலையில் ஏழு படத்தில் அந்த எலும்பை அழித்தார். ஏழு பேர் ஒரே தப்பைச் செய்வார்களா என்று அவருக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. அடுத்த புதன்கிழமையிலிருந்து நாங்களே தட்டையாகப் போட ஆரம்பித்தோம். அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. கண் பார்த்தது, கை திருத்திக்கொண்டது. பிப்ரவரி ஐந்தாம் தேதி மட்டும் அலோயிஸ் வரவில்லை, அவர் மகளுக்குப் பிரசவம். அன்றைக்கு அழிக்க ஆளில்லாததால் நான் உள்ளதை உள்ளபடி வரைந்து, வழக்கம்போல மூலையில் தேதி போட்டு, அலமாரியில் வைத்தேன்.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். லுட்கார்டுக்குத் தெரியாததில் குற்றமில்லை. வீட்டில் பார்த்துச் சொல்லவும் ஆளில்லை. டாக்டராக இருந்த இருவர் சட்டையோடு பார்த்தார்கள். பல் டாக்டர் ஒருவரைத் தவிர டாக்டர் யாரும் இல்லாத நாங்கள் பதினோரு பேர் அவளைச் சட்டையில்லாமல் வாராவாரம் பார்த்தோம். வியாழக்கிழமை அவள் என் கடையில் கையைப் பற்றிப் புலம்பினாள், நான் தலையை ஆட்டிக்கொண்டே கொத்துக்கறியை எடை போட்டேன்.

மே மாதக் கடைசி. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பன்றி ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தேன். முன்சப்பையை, அதாவது முன்னங்காலும் தோளும் சேர்ந்த துண்டை, கழற்ற ரம்பமே வேண்டாம், எங்கள் தொழிலில் அது முதல் பாடம். பின்சப்பைக்கு மூட்டு உண்டு. முன்சப்பையை உடம்போடு பிடித்து வைத்திருப்பது எலும்பு இல்லை, தசைதான். காலைத் தூக்கிப் பிடித்துக் கத்தியை விலாவுக்கும் எலும்புக்கும் நடுவே விட்டால், விசிறிபோல விரிந்த ஒரு தசை அறுபடும். அறுபட்டதும் தோள்பட்டை எலும்பு அப்படியே விலாவை விட்டுத் தூக்கிக்கொள்ளும். முப்பது வருடமாக வாரத்துக்கு நாலு தடவை பார்க்கிற காட்சி. அன்றைக்கு அது தூக்கிக்கொண்டபோது என் கை நின்றுவிட்டது. பன்னிக்கும் மனுஷனுக்கும் வித்தியாசம் இருக்கட்டும். அந்தத் தசை பிடிக்கவில்லை என்றால் எலும்பு எழும்பத்தானே செய்யும். அவளுக்கு மூட்டில் ஒன்றுமில்லை, அந்தத் தசைதான் செத்துக் கிடக்கிறது.

உடனே ஓடிப்போய்ச் சொல்லியிருப்பேன் என்றுதானே நினைக்கிறீர்கள். ஒன்பது நாள் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? உன் முதுகு இப்படி இருக்கிறது என்று ஒரு கறிக்கடைக்காரன் கடைக்கு வந்த பெண்ணிடம் சொல்வதா? அலோயிஸிடம் மெதுவாகப் பேச்செடுத்தேன். மாடலைப் பற்றிப் பேசுகிறாயா என்பதுபோல ஒரு பார்வை பார்த்தார். வாயை மூடிக்கொண்டேன். பிறகு ஜூன் ஐந்தாம் தேதி லுட்கார்ட் கடைக்கு வந்து, காப்பீட்டு டாக்டர் அடுத்த வாரம் கூப்பிட்டிருக்கிறார் என்று கடிதத்தைக் காட்டினாள். அன்றைக்கு அவள் யாருக்கும் கறி யோசனை சொல்லவில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனிக்கைக் கூப்பிட்டு, இரண்டு பேரையும் கடைக்குப் பின்னால் அழைத்துப் போனேன்.

நான் திக்கித் திணறிச் சொல்லி முடித்தேன். லுட்கார்ட் ஒரு கேள்வியும் கேட்காமல் சட்டையைக் கழற்றினாள். குளிர்அறைக் கதவில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளு என்றேன். தள்ளினாள். ஆனிக் கிட்டே போய்ப் பார்த்தாள். பிறகு போனில் படம் எடுத்து அவளிடம் காட்டினாள்.

"இது நானா?" என்றாள் லுட்கார்ட். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "எப்போதிலிருந்து இப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

ஜனவரிக் கடைசியிலிருந்து என்றேன். அவள் சட்டையைப் போட்டுக்கொண்டாள், இடது கையை உள்ளே விட ஆனிக் உதவினாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போனை எடுத்து அந்தத் தசையின் பெயரைத் தேடிப் படித்தாள். அதற்குப் போகிற நரம்பு நீளமானது, மெல்லியது, சில சமயம் காய்ச்சலுக்குப் பிறகு கெட்டுப்போகும், பல பேருக்குத் தானாகத் திரும்பி வரும், ஆனால் ஒன்றிரண்டு வருடம்கூட ஆகலாம். அதுவரை தள்ளுகிற வேலை ஆகாது. எல்லாம் அவள் கதைதான். ஐந்து மாதம் அலைந்தது ஒரு பெயருக்கு.

அப்போதுதான் பிப்ரவரி ஐந்தாம் தேதிப் படத்தைப் பற்றிச் சொன்னேன். டாக்டர் அந்த வரியை எழுதுவதற்கு ஆறு நாள் முன்னால் வரைந்தது. கொடு என்றாள். கொடுப்பதில் ஒரு சிக்கல் இருந்தது, அதையும் சொன்னேன். விடுப்பில் இருப்பவர்கள் வேறெங்காவது சம்பளத்துக்கு ஒரு மணி நேரம் வேலை பார்ப்பதானாலும் காப்பீட்டு டாக்டரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். சும்மா உட்காருவதற்கு என்ன அனுமதி என்று அவள் கேட்காமலே இருந்துவிட்டாள். அந்தப் படம் அவளுக்கு நோய் இருந்ததற்குச் சாட்சி, அவள் வேலை பார்த்ததற்கும் சாட்சி.

"சட்டையைக் கழட்டிக் காட்டினாலே போதும்மா. அவரே பார்த்துப்பார். படம் எதுக்கு?" என்றேன்.

"பையில வச்சிருக்கேன். தேவைப்பட்டா எடுக்குறேன்" என்றாள்.

அடுத்த வாரம் நடந்ததை அவள் எனக்குச் சொன்னபடியே சொல்கிறேன். உள்ளே போனதும், டாக்டர் கேட்பதற்கு முன்பே சட்டையைக் கழற்றிவிட்டுச் சுவரைப் பார்த்து நின்று இரண்டு கையாலும் தள்ளினாள். மனுஷன் நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். விரலால் அந்த விளிம்பைத் தொட்டார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை, ஆனால் ரொம்ப மரியாதையாகப் பேசினார். அவளை உட்காரச் சொல்லி, நரம்பைச் சோதிக்க ஒரு சீட்டு எழுதினார். இன்றைய தேதியிலிருந்து ஒரு வருட விடுப்பு என்றார். அத்தோடு எழுந்து வந்திருந்தால் அவளுக்கு எல்லாமே கிடைத்திருக்கும்.

அவள் எழுந்திருக்கவில்லை. பிப்ரவரியில் எழுதிய வரியை என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டாள். அப்போது அது இல்லை அம்மா, இருந்திருந்தால் எழுதியிருப்பேன், இது பிறகு வந்திருக்க வேண்டும் என்றார். இல்லை, அப்போதும் இருந்தது என்றாள். குறிப்பில் இல்லையே என்றார். நாலு மாதம் தன்னைச் சோம்பேறியாகவும் மனச்சோர்வுக்காரியாகவும் வைத்திருந்த அந்த வரி அப்படியே நிற்கப்போகிறது என்று அவளுக்குப் புரிந்தது. காலர் சுருக்கத்தை விடாதவள். பையைத் திறந்து என் படத்தை மேசையில் விரித்தாள்.

அவர் முதுகைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார். படத்தின் பின்பக்கம் ஓவியப் பள்ளியின் முத்திரை இருந்தது. அதையும் திருப்பிப் பார்த்தார். இதற்குச் சம்பளம் வாங்கினீர்களா என்று கேட்டார். வாங்கினேன் என்றாள். எத்தனை வாரம் என்றார். எல்லா வாரமும் என்றாள்.

வெள்ளிக்கிழமை அவள் கடைக்கு வந்தபோது நான் மற்றவர்களைக் காக்க வைத்துவிட்டு என்னவாயிற்று என்று கேட்டேன். ஒத்துக்கொண்டார்கள் என்றாள். எதை என்றேன். ரெண்டையும் என்றாள். நோய் ஜனவரியிலிருந்தே இருந்தது என்று குறிப்பைத் திருத்திவிட்டார்கள். ஜனவரியிலிருந்தே அனுமதி இல்லாமல் வேலை பார்த்தாள் என்றும் எழுதிவிட்டார்கள், அதற்கான தண்டம் தனிக் கடிதமாக வருமாம். புதன்கிழமை வேலையும் போய்விட்டது. அந்தப் படத்தை நான் கொடுத்திருக்கவே கூடாது என்று சொன்னேன்.

"நீ குடுத்ததுல தப்பில்லை" என்றாள். பிறகு, "டாக்டர் கடைசியா ஒண்ணு கேட்டாரு. இதை வரைஞ்சவரு அப்பவே பார்த்திருக்காரே, உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையான்னு."

"நீ என்ன சொன்ன?"

"மாடல்கிட்ட உடம்பைப் பத்திப் பேசுறது மரியாதை இல்லைன்னு சொன்னேன். அவரு சரிதான்னு தலையாட்டினாரு. அவரும் இந்தப் பக்கத்து ஆளுதானே."

கால் கிலோ கொத்துக்கறி கேட்டாள். பொட்டலத்தை உயரமான கண்ணாடித் தட்டின் மேலே வைக்காமல், சுற்றிப் போய் அவள் வலது கையில் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டு நன்றி சொன்னாள்.